நூற்றுப்பதினேழு, சிக்க கடியாரம்

மாரக்காள் வேலை பார்த்த இடம் மண்டி மொஹல்லாவில் ஒரு மிளகாய்க் கிடங்கின் மாடி. கீழே மூட்டை பிரித்தால் மேலே தும்மல் வரும். 'எல்லித்தீரா'வில் சந்தா கட்டியிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் அந்தத் தும்மலைத் தெரியும்.

எல்லித்தீரா என்றால் கன்னடத்தில் 'எங்கே இருக்கிறீர்கள்' என்று அர்த்தம். தொண்ணூற்றாறில் அதை ஆரம்பித்தவர் பசவராஜ், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய மைசூர்க்காரர். அப்போது பேஜர் புதிது. பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி. பீப் என்று கத்தும், ஒரு வரி ஆங்கிலத்தில் செய்தி காட்டும், அவ்வளவுதான். அதிலிருந்து திருப்பி எதுவும் சொல்ல முடியாது. பசவராஜ் அதை வைத்து ஒரு யோசனை செய்தார். சிநேகிதர்கள் நாலைந்து பேர் ஒரு வட்டமாகச் சேர வேண்டியது. அவர்களில் ஒருவர் எங்காவது போய்ச் சேர்ந்ததும், ஒரு ரூபாய் போன்பெட்டியிலிருந்து எல்லித்தீராவைக் கூப்பிட்டுத் தன் எண்ணையும் இடத்தையும் சொல்ல வேண்டியது. உடனே வட்டத்திலுள்ள மற்றவர்களின் பேஜரில் 'இன்னார், இன்ன இடம்' என்று வரும். பக்கத்தில் இருப்பவர்கள் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

இடத்தைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புகிற வேலைக்கு இரண்டு பெண்களை எடுத்தார். ஒருத்தி மாதேவி, உள்ளூர்ப் பெண். இன்னொருத்தி மாரக்காள். ஹனூர்க்காரி, பி.யு.சி. முடித்து டைப்ரைட்டிங் படித்தவள், கன்னடமும் தமிழும் ஒரே வேகத்தில் பேசுவாள். வேலை கிடைத்த அன்று அம்மா பொன்னம்மாவிடம் போய், யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லும் கம்பெனி என்று விளக்கினாள்.

பொன்னம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "உங்கொப்பன் எங்கிருக்கறாருன்னு அதுல தெரியுமா?"

"சந்தா கட்டினவங்களைத்தாம்மா சொல்லும்."

பொன்னம்மா களைந்த தண்ணீரை வடித்துக் கொட்டினாள். மாரக்காளின் அப்பா தொட்டையன் கொத்தனார். அவள் பத்தாவது படிக்கும்போது மங்களூர்ப் பக்கம் கட்டட வேலை என்று ஒரு மேஸ்திரியோடு போனவர். முதல் இரண்டு மாதம் ஆள் மூலம் சேதி வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. மேஸ்திரியைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, தொட்டையன் பாதியிலேயே கிளம்பிவிட்டாரே, ஊருக்கு வரவில்லையா என்று அவன் திருப்பிக் கேட்டான். அன்றிலிருந்து தாயும் மகளும் அவரை இருக்கிறார் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் காலம் தள்ளினார்கள். பொன்னம்மா தாலியைக் கழற்றவில்லை. மைசூருக்கு வந்து சித்தாள் வேலை பார்த்தாள். புதுக் கட்டடம் எதைக் கடந்து போனாலும் சாரத்தில் நிற்கும் ஆட்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நடப்பாள்.

எல்லித்தீரா முதல் வருடம் தள்ளாடியது. அடுத்த வருடம் ஊரெல்லாம் அதே பேச்சானது. மருந்துக் கம்பெனி ஆட்கள், எல்.ஐ.சி. ஏஜெண்டுகள், மகாராஜா காலேஜ் பையன்கள், பெண்களில்கூடச் சிலர் என்று சேர்ந்துகொண்டே போனார்கள். பசவராஜ் அறையின் ஒரு சுவர் முழுக்க மைசூர் வரைபடத்தை ஒட்டி, ஆளுக்கொரு குண்டூசி குத்தச் சொல்லியிருந்தார். சாயங்காலமானால் தேவராஜ மார்க்கெட்டைச் சுற்றி ஊசிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். யாராவது கூப்பிட்டு, "அக்ரஹாரத்துல நிக்கறேன், நம்ம ஆளு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டால், மாரக்காள் திரும்பிச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வாள். அந்தத் தசராவின்போது நான்கு இணைப்புகளும் ஓயாமல் அடித்தன. கூட்டத்தில் தொலைந்த அண்ணன் தம்பிகள் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். மண்டியாவிலும் ஹாசனிலும் கிளை போடப்போவதாகப் பசவராஜ் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில்தான் கவின்ராஜ் சேர்ந்தான். ஊதுபத்திக் கம்பெனியில் ஆர்டர் பிடிக்கும் வேலை. மோட்டார் சைக்கிளில் சாமராஜநகர், கொள்ளேகால், ஹனூர் என்று சுற்றுவான். எண் நூற்றுப்பதினேழு. அவன் வட்டத்தில் டயர் கடை வைத்திருந்த மல்லப்பன், பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்த சுசித்ரா, இன்னும் இரண்டு பேர். முதல் சில நாட்கள் கன்னடத்தில்தான் பேசினான். ஒருநாள் அவனிடம், மல்லப்பன் பொழுதோட பல்லாள் சர்க்கிளில் இருந்தார் என்று மாரக்காள் வாய்தவறித் தமிழில் சொல்லிவிட்டாள்.

"நீங்க ஹனூர்ப் பக்கமுங்களா?" என்றான்.

"ஏன் கேக்கறீங்க?"

"சாயங்காலத்தைப் பொழுதோடன்னு சொன்னீங்களே. எங்கம்மா ஒருத்திதான் இந்த ஊருல அப்படிச் சொல்லுவாங்க. நாங்களும் அந்தப் பக்கந்தானுங்க."

அதற்குப் பிறகு இடத்தைச் சொன்னபின் அவன் போனை வைக்க இரண்டொரு நிமிடம் ஆகும். ஹனூரில் மழையா, சந்தையில் ராகி என்ன விலை, எந்தக் கடைக்காரன் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தாமல் விற்க மட்டும் செய்கிறான் என்று ஏதாவது சொல்வான். மாரக்காள் தும்முவாள். அவன் சிரிப்பான். ஒருமுறை, "உங்க தெரு முனையிலதான் நிக்கறேன், எட்டிப் பாருங்க" என்றான். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூட்டை வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். எவன் அவன் என்று தெரியவில்லை. கீழே இறங்கிப் போக வெட்கமாக இருந்தது. பார்த்துவிட்டேன் என்று அடுத்த நாள் பொய் சொன்னாள்.

ஹனூரில் உங்கள் அப்பா பெயர் என்ன என்று அவன் கேட்ட நாளில்தான் தொட்டையன் கதையைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஆள் எந்த உயரம், கையில் காலில் ஏதாவது அடையாளம் உண்டா என்று விசாரித்தான். இடது கையில் சுண்டுவிரல் பாதி இல்லை, செங்கல் விழுந்தது என்று சொன்னாள். "நானும் ஊர் ஊராத்தானே சுத்தறேன். கேட்டுப் பாக்கறனுங்க" என்றான்.

தொண்ணூற்றெட்டு தைப் பொங்கல் கழிந்து ஒருநாள் ஐந்து மணி வாக்கில் அவன் கூப்பிட்டான். இரைச்சலாக இருந்தது. "நூத்திப்பதினேழுங்க. சாமராஜநகர் பஸ் ஸ்டாண்ட். கெளம்பிட்டேன், இருட்டறதுக்குள்ள அங்க வந்துருவேன்."

"சரிங்க, அனுப்பறேன்."

"அப்பறம், உங்களுக்கு ஒரு சேதி இருக்குதுங்க. போன்ல வேண்டாம். நேர்ல வந்து சொல்றேன். இன்னைக்கு எட்டிப் பாத்தாப் பத்தாது, கீழ எறங்கி வரோணும்."

சாமராஜநகர் வரைபடத்தில் இல்லை. அது மைசூரோடு முடிந்துவிடும். மாரக்காள் அவன் ஊசியைக் காகிதத்துக்கு வெளியே, வெறும் சுவரில் குத்தினாள். அன்று சாயங்காலம் தலை வாரிக்கொண்டு காத்திருந்தாள். நேரம் கடந்தும் அவன் வரவில்லை. மறுநாள் காலையில் மல்லப்பன் கூப்பிட்டு, நூற்றுப்பதினேழுக்கு இனி எதுவும் அனுப்ப வேண்டாம் என்று சொன்னார். நஞ்சன்கூட்டுக்கு முன்னால், இருட்டில், பின்விளக்கு இல்லாமல் நின்ற கரும்பு லாரியில் வண்டி மோதியிருந்தது.

அழுவதற்கு என்ன உறவு இருக்கிறது என்று மாரக்காளுக்குத் தெரியவில்லை. ஊசியைப் பிடுங்கியபோது சுவரில் காரை கொஞ்சம் உதிர்ந்தது. அந்த எண்ணின் சந்தா வருடக் கடைசிவரை இருந்ததால் பசவராஜ் அதை நீக்காமல் விட்டார். யாரும் அதை நினைக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் போன் அடித்தது.

"நூத்திப்பதினேழு. சிக்க கடியாரம்."

கை பழக்கத்தில் அடித்து அனுப்பிவிட்டது. அனுப்பிய பிறகுதான் காதில் விழுந்தது மனசுக்குப் போனது. அதே குரல். அந்த எண்ணைச் சொல்லும்போது நடுவில் லேசாக இழுக்கும் இழுப்பும் அதேதான். மார்க்கெட் பக்கத்துச் சின்ன மணிக்கூண்டு, அவன் சாயங்காலம் வழக்கமாக நிற்கும் இடம். "ஹலோ" என்றாள். போன் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது.

ஐந்து நிமிடத்தில் மல்லப்பன் கூப்பிட்டுக் கத்தினார். என்ன விளையாட்டு இது, செத்தவன் பெயரில் செய்தி அனுப்புகிறீர்களா என்று. அவர் அடங்குவதற்குள் அடுத்த இணைப்பில் சுசித்ரா. அவள் கத்தவில்லை. "அவன் சிக்க கடியாரத்துலே இருக்கானாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது. "நூத்திப்பதினேழு. பல்லாள் சர்க்கிள்." அடுத்த வாரம் குக்கரஹள்ளி ஏரி. எல்லாம் கவின்ராஜ் போகிற இடங்கள். மாதேவி ஒருமுறை அந்தக் குரலைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த ரிசீவரைக் கீழே போட்டாள். அதற்குப்பின் சாயங்கால வேலைக்கு அவள் வரவில்லை; சாமுண்டி மலையில் மந்திரித்த கயிறு ஒன்று வாங்கி வந்து மாரக்காள் கையிலும் கட்டிவிட்டாள்.

மாரக்காளுக்கும் பயம் இருந்தது. வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போதுகூடக் கழுத்தின் பின்னால் யாரோ எண் சொல்வதுபோல் இருக்கும். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் ஆக ஆக அந்தக் குரலுக்காக அவள் காத்திருந்தாள். நேரில் வந்து சொல்கிறேன் என்று போனவன். சொல்லாமல் போகமாட்டான்.

ஒருநாள் அவளுக்குத் தாங்கவில்லை. "நூத்திப்பதினேழு. சிக்க கடியாரம்" என்று குரல் வந்ததும், அது வைப்பதற்கு முன் கேட்டுவிட்டாள். "அந்தச் சேதி என்னங்க?"

மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டது. பூ விற்பவள் ஒருத்தி முழம் சொல்லிக் கூவுவது கேட்டது. பிறகு ரிசீவரை வைத்துவிட்டார்கள்.

செய்தி ஊரில் பரவிவிட்டது. எல்லித்தீராவில் ஒரு பேய் சந்தாதாரர் இருக்கிறது என்று காலேஜ் பையன்கள் பேசினார்கள். வேடிக்கைக்காகச் சிலர் நூற்றுப்பதினேழு இப்போது எங்கே என்று கேட்டுக் கூப்பிட்டார்கள். பெண்பிள்ளைகளை வைத்திருந்த வீடுகளில் பேஜரைத் திருப்பிக் கொடுத்தார்கள். பசவராஜ் எண்ணை வெட்டிவிடச் சொன்னார்.

"ஒரு வாரம் பொறுங்க சார். யாருன்னு நானே போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்றாள் மாரக்காள்.

"பேயா இருந்தா?" என்றார் பசவராஜ். அவர் சிரித்தாலும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"பேய்க்கு ஒரு ரூவாக் காசு ஏது சார்?"

அவளுக்கு வேலை இல்லாத நாளில் சிக்க கடியாரத்துக்குப் போய் நின்றாள். மார்க்கெட் வாசலில் மல்லிகையும் வெற்றிலையும் குவிந்து கிடந்தன. மணிக்கூண்டுக்கு எதிரே ஒரு பேன்சி கடை வாசலில் மஞ்சள் போன்பெட்டி தொங்கியது. வெயில் தாழ்ந்தபின், காக்கி அரைக்கைச் சட்டை போட்ட ஓர் ஆள் வந்தார். ஏதோ தொழிற்சாலைச் சீருடை. சட்டைப் பையில் சிவப்பு நூலால் கம்பெனி முத்திரை. ஐம்பதைத் தாண்டிய வயது. உள்ளங்கையில் எதையோ பொத்திப் பிடித்திருந்தார். பெட்டியில் காசு போட்டு, எண் சுழற்றி, வாயை ரிசீவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு சொல் பேசினார். அவர் திரும்பியபோது உள்ளங்கையில் இருந்தது பேஜர் என்று தெரிந்தது.

மாரக்காள் எதிரில் போய் நின்றாள். "ஏனுங்க, நீங்க கவின்ராஜுக்கு என்ன வேணும்?"

அந்த ஆள் அவளைப் பார்த்தார். முகத்தைவிட அவள் பேச்சைத்தான் கவனித்தார் போலிருந்தது.

"அப்பனுங்க" என்றார். அதே குரல். மகனுக்குத் தொண்டையில் இருந்தது முழுக்க இவரிடம் வாங்கியது. "நீதான் அந்த போனுல பேசற அம்மிணியா?"

அவர் பெயர் அய்யாசாமி. மேட்டகள்ளியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். முதல் ஷிப்ட் முடிந்து நேரே இங்கே வந்துவிடுவாராம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆஸ்பத்திரியில் மகனின் சட்டை, செருப்பு, பர்ஸோடு இந்தப் பேஜரையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். காரியம் முடிந்து வீட்டில் எல்லோரும் படுத்திருந்தபோது அது பீப் என்றது. அவர் மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இங்கிலீஷ் எழுத்து. மறுநாள் தொழிற்சாலையில் ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொன்னார். மல்லப்பன், டயர் கடை என்று இருந்தது. அடுத்து சுசித்ரா, லைப்ரரி.

மல்லப்பன் இனி அனுப்ப வேண்டாம் என்றிருந்தார். ஆனால் அவர் இடம் சொல்லும்போது அது வட்டம் முழுக்கத்தான் போகும், அதில் நூற்றுப்பதினேழும் இருந்தது. அதை மாரக்காள் அப்போதுதான் உணர்ந்தாள். அவள் கையாலேயே அது போய்க்கொண்டிருந்தது.

"அவங்கெல்லாம் எங்கெங்க இருக்கறோம்னு இவனுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கறாங்க" என்றார் அய்யாசாமி. "இவன் ஒண்ணுமே சொல்லாம இருந்தா நல்லாருக்குமா அம்மிணி? மருவாதி இல்லாதவன்னு நெனைக்க மாட்டாங்களா? பேஜருக்குப் பின்னால கம்பெனி நெம்பரும் இவன் நெம்பரும் ஒட்டியிருந்துச்சு, இவன் நிக்கற எடமெல்லாம் எனக்குத் தெரியும். அதான் சொன்னேன்."

"அவங்க வந்தாங்களா?"

"அந்த மல்லப்பன் ஒருநா வந்துச்சு. இங்கயும் அங்கயும் பாத்துட்டுப் போயிருச்சு. நான் கிட்டப் போகல. பையனோட சினேகிதம். தூரத்துல நின்னு பாத்தேன், அது போதும்." பிறகு அவரே கேட்டார். "ஒருநா என்னமோ சேதின்னு கேட்டியே, அது என்ன? அன்னையிலிருந்து எனக்கு அதே ரோசனை. எம்பையன் யாருக்கு என்ன சொல்ல இருந்தான்?"

மாரக்காள் சொன்னாள். ஒன்றும் மறைக்கவில்லை. அய்யாசாமி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. வீட்டில் அவன் எதுவும் சொல்லவில்லை.

அன்று திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். பேய் என்று இருந்தவரை, ஒருநாள் சேதியைச் சொல்லிவிடும் என்ற நினைப்பும் இருந்தது. இப்போது சொல்வதற்கு யாரும் இல்லை. மறுநாள் அறையில் ஆள் இல்லாத நேரத்தில் 'தொட்டையன்' என்று தட்டச்சு செய்தாள். இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அழித்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தாள்.

பசவராஜிடம் உண்மையைச் சொன்னாள், அவர் எண்ணை வெட்டாமல் விட்டார். மல்லப்பனிடமும் சொன்னாள். அவர் அதே சாயங்காலம் சிக்க கடியாரத்துக்குப் போய் அய்யாசாமியோடு டீ குடித்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். அடுத்த வாரமே பேஜரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அந்தக் குரலை எதிர்ல உட்கார்ந்து கேக்க முடியலம்மா" என்று கன்னடத்தில் சொன்னார். அவர் மேல் தப்பு சொல்ல மாரக்காளுக்கு வாய் வரவில்லை. சுசித்ரா மட்டும் கல்யாணமாகிப் பெங்களூர் போகும்வரை, தினமும் வேலை விடும்போது தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேய்ப் பேச்சு கிளம்பியபோதே மற்ற இரண்டு பேர் விலகிவிட்டதால், அவளும் போனபின் நூற்றுப்பதினேழின் வட்டத்தில் யாரும் மிச்சமில்லை. அய்யாசாமி சொல்வது யாருக்கும் போய்ச் சேராது. அது தெரியாமல் அவர் காசு போட்டுக்கொண்டிருந்தார். மாரக்காள் பசவராஜிடம் கேட்டு ஒரு பழைய பேஜரை வாங்கித் தன்னை அந்த வட்டத்தில் சேர்த்துக்கொண்டாள். வருடம் முடிந்ததும் நூற்றுப்பதினேழின் சந்தாவையும் அவளே கட்டினாள். தினமும் அவருக்கு ஒரு செய்தி அனுப்புவாள். அவள் இடம் ஒருநாளும் மாறியதில்லை. மாரக்காள், மண்டி மொஹல்லா.

அதற்குள் எல்லித்தீராவின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. ஊரில் பேய்க்கதை மறந்துபோயிற்று. ஆனால் போனவர்கள் திரும்பவில்லை. இருக்கிறவர்களும் பொய் சொல்லப் பழகிவிட்டார்கள். சினிமாக் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு ஆபீஸ் என்பார்கள். ஒரு மனைவி நேரில் வந்து வரைபடத்தைப் பார்த்துத் தன் கணவரின் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். வசதியுள்ளவர்கள் கைபேசி வாங்கினார்கள். மண்டியா கிளையைத் திறக்காமலேயே மூடினார் பசவராஜ். பேஜர் அலைவரிசையை வாடகைக்குக் கொடுத்திருந்த பெங்களூர்க் கம்பெனி, தொண்ணூற்றொன்பது தசராவோடு நிறுத்திக்கொள்வதாக எழுதியது. பசவராஜ் அந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றார். "ஜனங்களுக்கு ஒருத்தர் எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

கடைசி நாளில் மாரக்காள் தனியாக இருந்தாள். மாதேவி எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டாள். வரைபடத்தில் ஊசிகள் இல்லை, துளைகள் மட்டும் இருந்தன. மார்க்கெட் இருந்த இடத்தில் காகிதமே சல்லடையாகி உள்ளிருந்து சுவர் தெரிந்தது. வெயில் சாய்ந்ததும் போன் அடித்தது.

"நூத்திப்பதினேழு. சிக்க கடியாரம்."

"ஐயா, வெச்சிராதீங்க. நாந்தான் பேசறேன்."

"சொல்லு அம்மிணி."

"நாளையிலிருந்து இது இருக்காதுங்க. கம்பெனியை மூடறாங்க. பேஜரும் இனிமே சத்தம் போடாது."

கடைக்குள் யாரோ விலை பேசுவது கேட்டது. நேரம் முடிகிறது என்று போன்பெட்டி கிர் என்று எச்சரித்தது.

"அப்ப நாளைக்கு அவன் எங்க இருப்பான்?" என்றார்.

அத்தோடு இணைப்பு அறுந்தது. அவள் ரிசீவரை வைத்துவிட்டு அதன்மேல் கையை வைத்தபடி இருந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது.

"அய்யாசாமி" என்றது குரல். இந்த முறை எண் சொல்லவில்லை. "மேட்டகள்ளி. தண்ணித் தொட்டிக்கு எதுத்த வரிசை, கடேசி வீடு. எழுதிக்க அம்மிணி."

எழுதிக்கொண்டாள். அந்தப் பெயரில் சந்தாதாரர் யாரும் இல்லை என்பதால் கம்ப்யூட்டர் அதை அனுப்ப மறுத்தது.

எல்லித்தீராவின் மேசை நாற்காலிகளைக் கீழே மிளகாய்க் கடைக்காரரே வாங்கிக்கொண்டார். மாரக்காளுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் போன் இணைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டகள்ளிக்குப் போனாள். அய்யாசாமியின் மனைவி அவளை உட்காரவைத்து, ஒன்றும் கேட்காமல் களி போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அய்யாசாமி சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"சாமராஜநகர் போயிட்டு வருவமா அம்மிணி? அவன் கடேசியாப் போன கடையில கேட்டுப் பாப்போம். எனக்கும் தெரியோணும், உனக்கும் தெரியோணும்."

சாமராஜநகரில் பஸ் ஸ்டாண்டையும் மார்க்கெட்டையும் சுற்றி, ஊதுபத்தி விற்கும் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். பூஜைச் சாமான் கடை வைத்திருந்த மாணிக்கவாசகம் என்பவர்தான் நினைவு வைத்திருந்தார்.

"சிரிச்சுக்கிட்டே பேசற பையன். கடேசியா ஒருநா வந்தான். ஹனூர்க் கொத்தனார் ஒருத்தரை விசாரிச்சான். ஒரு விரலு பாதி இல்லாத ஆளுன்னான். வித்தியாசமா இருந்ததால மனசுல நின்னுது."

மாரக்காள் கடைக்குள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"ராகி மண்டிக்குப் பின்னால கிடங்கு கட்டிட்டிருந்தாங்க. அங்க ஹனூர் ஆளுங்க வேலை செய்யறாங்க, கேட்டுப் பாருன்னேன். போனான். திரும்பி வந்து ஒரு சோடா குடிச்சான். என்னாச்சுன்னு கேட்டேன். 'மொதல்ல சொல்ல வேண்டியவங்ககிட்டச் சொல்லோணும்'னான். கெளம்பிட்டான்."

"மொகம் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டார் அய்யாசாமி.

கடைக்காரர் யோசித்துப் பார்த்தார். "சாதாரணமாத்தான் இருந்துச்சு. நல்ல சேதியா கெட்ட சேதியான்னு எனக்குத் தெரியலீங்க."

கிடங்கைத் தேடிப் போனார்கள். கட்டி முடித்து மூட்டை அடுக்கியிருந்தார்கள். காவலுக்கு இருந்த மல்லம்மா என்ற பெண்ணுக்கு வேலை நடந்த காலத்து ஆட்கள் சிலரைத் தெரியும். ஹனூர்க் கொத்தனார்கள் மூன்று பேர் இருந்தார்கள் என்றாள். அவர்களில் வயசான ஒருவர் யாரோடும் பேசமாட்டார். விரலைத் தான் கவனித்ததில்லை. பெயரும் தெரியாது, எல்லோரும் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் வந்து அந்தக் கூட்டத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். யாரிடம் என்று பார்க்கவில்லை. மறுநாள் வேலைக்கு அந்தத் தாத்தா வரவில்லை.

"வரலைன்னா எங்க போனாரு?"

"கூலி ஆளு போறதுக்கு எடமா இல்ல? போயிட்டாரு" என்றாள் மல்லம்மா. அவள் கேலியாகச் சொல்லவில்லை. உள்ளே கூட்டிப்போய் ஒரு சுவரைக் காட்டினாள். "இந்தப் பூச்சு அவருதுதான்."

மாரக்காள் அந்தச் சுவரைப் பார்த்தாள். நன்றாகப் பூசியிருந்தது. எல்லாக் கொத்தனார்களும் பூசுகிற மாதிரிதான் இருந்தது. அதிலிருந்து எதுவும் தெரியவில்லை. ராகி மூட்டைகளின் வாசனை மூக்கை அடைத்தது. அய்யாசாமி வெளியே வெயிலில் போய் நின்றுகொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு வந்தாள். ஒரு பையன் பேர் சொல்லி விசாரித்ததும் மறுநாளே ஓடிப்போகிற ஆள் அப்பாவாக இருந்தால் அது ஒன்று. அப்பாவாக இல்லாவிட்டால் அது இன்னொன்று. இரண்டில் எது தேவலை என்று அவளுக்குத் தெரியவில்லை. கரும்புக் காடுகள் தொடங்கியதும் அய்யாசாமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எந்த எடம்னு உனக்குத் தெரியுமா அம்மிணி?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க."

"எனக்கும் யாரும் காட்டல."

சாலையோரம் கரும்பு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. அவர் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே வந்தார். நஞ்சன்கூட்டில் பாதிப்பேர் இறங்கினார்கள். மைசூர் வருவதற்குள் இருட்டிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் மேட்டகள்ளி டவுன் பஸ்ஸைக் காட்டி அவரை ஏற்றிவிட்டு மாரக்காள் மண்டி மொஹல்லா வழியாக வீட்டுக்கு நடந்தாள். வீட்டில் பொன்னம்மா தூங்காமல் இருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.